மூளை அலைகள் சொல்வதும் சொல்லாததும்



இம்முறை வார்டு நிலவரத்தையும் கட்டட வேலையையும் ஒருபுறம் வைத்துவிட்டு, ஒரு தாய் எங்கள் கையில் கொடுத்த சில தாள்களைப் பற்றி எழுத விரும்புகிறோம்.

காலை ஜெபம் முடிந்ததும் வெளிநோயாளர் பகுதியின் பெஞ்சுகளை ஒரு சுற்று சுற்றி வருவது எங்கள் வழக்கம். ஒரு நாள், மடியில் மஞ்சள் பையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய ஒன்பது வயது மகன். பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதிலிருந்த தாள்களை நீட்டினார். தாள் முழுவதும் வரிவரியாய்க் கிறுக்கல்கள். "ஐயா, நீங்க படிச்சவங்க. இதுல என் புள்ளைக்கு என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் சொல்லுங்க" என்றார். நாங்கள் படித்தது இறையியல் கல்லூரியில். எபிரெயமும் கிரேக்கமும் தட்டுத்தடுமாறி வாசிப்போம். இந்தப் பாஷை எங்களுக்கும் தெரியாது என்று உள்ளதைச் சொன்னோம். பின்பு அந்தத் தாள்களோடு எங்கள் மருத்துவரிடம் போய் உட்கார்ந்தோம். அவர் சொன்னதையும், அதன் பிறகு நாங்கள் வாசித்து அறிந்ததையும் இங்கே எழுதுகிறோம். (அந்தக் குடும்பத்தை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.)

பையனுக்கு நடந்தது இது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவனுக்கு வலது கை தானாகத் துடிக்க ஆரம்பித்தது. துடிப்பு முகத்தின் வலப்பக்கத்துக்கு ஏறி, பின்பு உடம்பு முழுவதும் வெட்டி இழுத்து, நினைவு தப்பியது. அக்கம்பக்கத்தார் ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். நம் ஊர்களில் காக்காய் வலிப்புக்கு முதல் மருந்து இன்னும் அதுதான். சில நிமிடங்களில் வலிப்பு நின்றதும் சாவிதான் நிறுத்தியது என்று பேசிக்கொண்டார்கள். (பெரும்பாலான வலிப்புகள் சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும்.) பிறகு தாயத்து கட்டினார்கள். அதன் பிறகுதான் ஒரு மருத்துவரிடம் போய் மாத்திரை வாங்கினார்கள். மாத்திரையில் வலிப்பு நின்றிருந்தபோது, யாரோ ஒருவர் அவர்களை ஒரு ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். அங்கே, "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். தாய் மாத்திரையை நிறுத்திவிட்டார். நான்காம் நாள் பையன் அடுப்பங்கரையில் விழுந்தான். கொதித்துக்கொண்டிருந்த பானை ஒரு சாண் தள்ளி இருந்ததால் முகம் தப்பியது.

இதை எழுதும்போது எங்கள் மனம் கொதிக்கிறது. மத்தேயு சுவிசேஷத்தின் 17-ம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் தன் மகனைக் கொண்டுவருகிறான். பையன் அடிக்கடி தீயிலும் தண்ணீரிலும் விழுகிறான். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவனைச் சந்திரரோகி என்கிறது. சந்திரன் வளர்வதும் தேய்வதும் வலிப்பைக் கொண்டுவரும் என்று அந்தக் காலத்தில் நம்பியதன் தடம் அந்தச் சொல். அந்தப் பகுதியை நாங்கள் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். அதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் மாத்திரையைப் பிடுங்க ஒருவருக்கு எப்படி மனம் வருகிறது என்பது மட்டும் எங்களுக்கு விளங்கவில்லை. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், முன்பிருந்ததைவிடக் கடுமையான வலிப்பு நிற்காமல் தொடரலாம்; உயிரே போகலாம். நாங்கள் நோயாளியின் தலையில் கை வைத்து ஜெபிக்கிறோம். ஜெபித்து முடித்ததும், காலை மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்கிறோம்.

இனி அந்தத் தாள்களுக்கு வருவோம். அவை இ.இ.ஜி. எனப்படும் மூளை மின்அலைப் பதிவு. இந்தப் பரிசோதனை என்றதும் கிராமத்து மக்கள் பயப்படுகிறார்கள். "தலையில கரண்ட் வைப்பாங்களாம்" என்று ஒரு பாட்டி பேரனை எழுப்பிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டதைப் பார்த்திருக்கிறோம். மனநோய்க்குக் கொடுக்கும் மின் அதிர்ச்சிச் சிகிச்சையோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். இந்தக் கருவி தலைக்குள் எதையும் அனுப்புவதில்லை. தலையிலிருந்து வருவதை வாங்கிக்கொள்வது மட்டுமே அதன் வேலை. முதல் நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்வார்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கம்பிகள் ஒட்டாது. சிறுபிள்ளைகளை முந்தின இரவு குறைவாகத் தூங்கவைத்து அழைத்துவரச் சொல்வதும் உண்டு; தூங்கிப்போகும் நேரத்தில்தான் சில கோளாறுகள் வெளிப்படும். களிம்பு தடவி இருபது இருபத்தொரு இடங்களில் சிறு தகடுகளை ஒட்டுகிறார்கள். எந்த இடங்களில் என்பதற்கு உலகம் முழுவதும் ஒரே அளவு உண்டு. கனடாவின் மான்ட்ரியல் நகரிலிருந்த ஹெர்பர்ட் ஜாஸ்பர் 1958-ல் வெளியிட்ட முறை அது.

மூளையின் நரம்பணுக்கள் வேலை செய்யும்போது அவற்றில் மின் அசைவு எழுகிறது. இலட்சக்கணக்கான அணுக்கள் ஒன்றாக ஏறி இறங்கும்போது அந்த அசைவு மண்டையோட்டைத் தாண்டி, தோலைத் தாண்டி, மிக மெல்லியதாய் வெளியே வருகிறது. டார்ச் விளக்கின் ஒரு பேட்டரி 1.5 வோல்ட். மூளை அலை ஏறக்குறைய அதில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. இதை மனிதரிடம் முதன்முதல் பதிவு செய்தவர் ஜெர்மனியில் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், ஆண்டு 1924. அறுவை சிகிச்சையால் மண்டையோட்டில் இடைவெளி இருந்த நோயாளிகளிடமே முதலில் முயன்றார். தன் மகனின் தலையிலும் பதித்துப் பார்த்தார். ஐந்து ஆண்டுகள் யாரிடமும் சொல்லாமல் சரிபார்த்து, 1929-ல்தான் வெளியிட்டார். அப்போதும் பலர் நம்பவில்லை. 1934-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மாத்யூஸும் அதையே செய்து காட்டிய பிறகுதான் உலகம் ஏற்றுக்கொண்டது.

ஆரோக்கியமான ஒரு பெரியவர் விழித்திருந்து கண்ணை மூடினால், தலையின் பின்புறத்தில் நொடிக்கு எட்டிலிருந்து பதின்மூன்று அலைகள் ஒழுங்காக ஓடும். கண்ணைத் திறந்தால் அவை அடங்கிவிடும். ஆழ்ந்த தூக்கத்தில் நொடிக்கு நான்குக்கும் குறைவான பெரிய மெதுவான அலைகள் வரும், அது இயல்பு. விழித்திருக்கும் ஒருவருக்கு, தலையின் ஒரே ஒரு பக்கத்தில், ஒரே ஒரு இடத்தில் அப்படி மெதுவான அலைகள் வந்துகொண்டேயிருந்தால் அது இயல்பல்ல. 1936-ல் லண்டனில் கிரே வால்டர் என்ற ஆய்வாளர் மூளைக் கட்டி உள்ளவர்களிடம் இதைக் கண்டார். மண்டையைத் திறக்காமலே கட்டி எந்தப் பக்கம் என்று சொல்ல இன்னொரு வழி அன்று கிடைத்தது. அந்த மெதுவான அலைகளுக்கு டெல்டா என்று பெயரிட்டவரும் அவரே.

இதில் எங்களை வியப்பில் ஆழ்த்திய ஒரு செய்தி உண்டு. கட்டியிலிருந்து மின் அலை எதுவும் வருவதில்லை. அது ஊமை. அதைச் சுற்றி நெருக்குண்டும் வீங்கியும் கிடக்கிற உயிருள்ள மூளைதான் அந்த மெதுவான அலைகளை எழுப்புகிறது. ஆகையால் தாளில் நாம் காண்பது நோயை அல்ல, நோயின் பக்கத்துவீட்டுக்காரன் படும் பாட்டை.

அந்தப் பையனின் தகப்பன் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் வேலை செய்கிறவர். மருத்துவர் இதை விளக்கியபோது அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். சூளையிலிருந்து இறக்கிய கோப்பையை விரலால் சுண்டிப் பார்ப்பார்களாம். நல்ல கோப்பை கணீரென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போயிருக்கும். "ஆனா விரிசல் மண்ணாலயா, சூட்டாலயா, கை தவறியா, அது சத்தத்துல தெரியாதுங்க ஐயா" என்றார். எங்கள் மருத்துவர் எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இருபது நிமிடமாக அவர் எங்களுக்கு விளங்கவைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தது அதுதான்.

ஒரே இடத்தில் வரும் மெதுவான அலை அந்த இடத்தில் பழுது இருக்கலாம் என்று காட்டும். பழுது எதனால் என்று காட்டாது. புற்றுக்கட்டியா, சீழ்க்கட்டியா, இரத்தக் குழாய் அடைப்பா, பழைய தலைக்காயமா, காசநோயா, எல்லாவற்றுக்கும் அலை ஒன்றுபோலவே இருக்கக்கூடும். போதாக்குறைக்கு, ஒரு பக்கத்தில் வலிப்பு வந்து போன பின் சில மணி நேரமோ சில நாட்களோ அந்த இடத்தில் அலைகள் மெதுவாகவே இருப்பதுண்டு. அப்போது எடுத்த பதிவை மட்டும் பார்த்து, பிள்ளைக்கு மூளையில் கட்டி என்று யாரும் அழவேண்டியதில்லை.

ஆனாலும் சில வினோதமான அலைகள் காரணத்தையும் கிட்டத்தட்டச் சொல்லிவிடும். காய்ச்சலோடும் குழப்பமான பேச்சோடும் வருகிற ஒருவருக்கு, காதுக்கு மேலுள்ள பொட்டுப் பகுதியில் ஓரிரு நொடிக்கு ஒருமுறை கூர்மையான அலைகள் தாளம் தப்பாமல் வந்தால், ஹெர்பிஸ் வைரஸ் மூளையைத் தாக்கியிருக்கிறதோ என்று மருத்துவர் உடனே சந்தேகிப்பார். அதற்கு மருந்து உண்டு, தாமதித்தால் பயனில்லை. (மூளையில் திடீரென்று இரத்த அடைப்பு ஏற்பட்டவர்களுக்கும் இதுபோன்ற அலைகள் வரும்.)

இன்னொன்றைச் சொல்லவே மனம் வரவில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை மந்தமாகிறது, பென்சில் கைநழுவுகிறது, நடக்கையில் உடம்பு தூக்கிப்போட்டு விழுகிறது. பதிவு எடுத்தால் மூளையின் இருபுறமும் நான்கிலிருந்து பத்து நொடிக்கு ஒருமுறை ஒரே உருவமுள்ள பேரலை ஒன்று எழுந்து எழுந்து அடங்குகிறது. பல ஆண்டுகளுக்கு முன், கைக்குழந்தையாய் இருந்தபோது வந்துபோன மணல்வாரி அம்மையின் கிருமி மூளையில் தங்கிச் செய்யும் நாசம் இது. இதைக் குணமாக்க வழியில்லை. தடுக்க வழி உண்டு: ஒன்பது மாதம் நிறைந்ததும் ஒன்று, ஒன்றரை வயதை ஒட்டி இன்னொன்று, இரண்டே தட்டம்மை ஊசிகள். அரசு இலவசமாகவே போடுகிறது.

மறுபுறம், பயமுறுத்தும் அலைகள் எல்லாம் பழுதும் அல்ல. விபத்தில் அடிபட்டு மண்டையோட்டில் ஒரு துண்டு எடுக்கப்பட்டவர்களுக்கு, அந்த ஓட்டைக்கு மேலே அலைகள் உயரமாகவும் கூராகவும் தெரியும். மூளை கெட்டதால் அல்ல. மறைத்துக்கொண்டிருந்த எலும்பு இல்லாததால். பெர்கருக்கு முதலில் உதவியதும் அதே இடைவெளிதானே! கண் அயர்கிற நேரத்தில் சிலருக்கு வலிப்பு அலைபோலத் தோன்றும் கூரான சிற்றலைகள் வரும், அவை தீங்கற்றவை. அனுபவமில்லாத கண் அவற்றை வலிப்பு என்று எழுதிவிட்டால், ஒருவர் தேவையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்கவேண்டிவரும். பிரிட்டிஷ் விமானப்படையில் சேர வந்த 13,658 இளைஞர்களின் பதிவுகளைப் பற்றிய அறிக்கை ஒன்று 1993-ல் வெளியானது. அவர்களில் 69 பேருக்கு வலிப்பு நோயாளிக்கு இருப்பதுபோன்ற அலைகள் இருந்தன. அவர்களில் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வலிப்பு வரவேயில்லை. இதன் மறுபக்கமும் உண்டு: மெய்யாகவே வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு முதல் பதிவு சுத்தமாக இருக்கும். மருத்துவர் சிகிச்சை அளிப்பது மனிதருக்கே, தாளுக்கு அல்ல என்று எங்கள் மருத்துவர் அடிக்கடி சொல்வார்.

நம் பையனின் தாளில் இடப்பக்கம் மெதுவான அலைகள் இருந்தன. வலது கை துடித்ததற்கும் அது பொருந்தியது. இடது மூளைதான் வலப்பக்க உடலை ஆள்கிறது. இனி, அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். எங்களிடம் அதற்கான வசதி இல்லை. உங்கள் காணிக்கையிலிருந்து வழிச்செலவு கொடுத்து வேலூருக்கு அனுப்பினோம். இங்கிருந்து இரயிலில் விழுப்புரம் போய், வண்டி மாறி, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு இந்த விஷயத்தில் நீண்ட சரித்திரம் உண்டு. இந்தியாவின் முதல் நரம்பியல், நரம்பியல் அறுவைத் துறையை அங்கே 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். அவர் பயிற்சி பெற்றது மான்ட்ரியலில், வலிப்புக்கு அறுவை செய்வதில் பெயர்பெற்ற பென்ஃபீல்டிடம். மேலே சொன்ன ஜாஸ்பர் அலைகளை ஆராய்ந்துகொண்டிருந்ததும் அதே நிறுவனத்தில்தான். 1952-லேயே வேலூரில் வலிப்புக்கான மூளை அறுவை சிகிச்சை நடந்தது. சி.டி. ஸ்கேன் என்று ஒன்று அப்போது உலகத்திலேயே இல்லை. லண்டனில் ஒரு நோயாளிக்கு முதன்முதல் அது எடுக்கப்பட்டது 1971-ல். அதுவரை பழுது எங்கே என்று அறிய மருத்துவருக்கு அலைப் பதிவு முக்கியமான துணையாய் இருந்தது.

சி.டி. ஸ்கேன் நம் நாட்டுக்கு வந்தபோது ஒரு புதிர் தலைகாட்டியது. அந்தப் பையனைப் போலவே, மற்றபடி ஆரோக்கியமாயிருந்து திடீரென்று ஒரு பக்கம் வலிப்பு வந்தவர்களின் மூளையில், இரண்டு சென்டிமீட்டருக்கும் சிறிய, வளையம்போன்ற ஒரு புள்ளி தெரிந்தது. சுற்றிலும் வீக்கம். ஒருவர் இருவர் அல்ல, வந்துகொண்டேயிருந்தார்கள். நம் நாட்டில் காசநோய் அதிகம். ஆகவே அது காசநோய்க் கட்டி என்று கொண்டு, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தால் புள்ளி மறைந்திருந்தது. மருந்து வேலை செய்தது, ஆகவே அது காசநோய்தான் என்று முடிவு கட்டினார்கள். இதில் ஒரு ஓட்டை இருந்ததை முதலில் யாரும் கவனிக்கவில்லை. காசநோய் மருந்தே சாப்பிடாதவர்களுக்கும் அந்தப் புள்ளி மறைந்தது!

வேலூரில் டாக்டர் மாத்யூ சாண்டி, டாக்டர் வேதாந்தம் ராஜசேகர் ஆகியோரும் உடன் பணியாளர்களும் சில நோயாளிகளின் மூளையிலிருந்து அந்தப் புள்ளியையே எடுத்து நுண்ணோக்கியின் கீழே வைத்துப் பார்த்தார்கள். அங்கே இருந்தது காசநோய் அல்ல; செத்துக்கொண்டிருந்த ஒரு நாடாப்புழுவின் குஞ்சு. 1989-லும் 1991-லும் இந்த முடிவுகளை மருத்துவ இதழ்களில் வெளியிட்டார்கள். புழு உயிரோடு இருந்தவரை மூளை அதைக் கண்டுகொள்ளவில்லை. அது சாகத் தொடங்கும்போதுதான் உடம்பு விழித்துக்கொண்டு போராடுகிறது. வீக்கமும் வலிப்பும் அந்தப் போராட்டத்தால் வருபவை. போராட்டம் ஓய்ந்ததும், பெரும்பாலோருக்குப் புள்ளி தானாகவே மறைந்துவிடுகிறது. சிலருக்கு மட்டும் சுண்ணாம்புப் புள்ளியாய் உறைந்துபோய், வலிப்பும் தொடரலாம். எந்தப் புள்ளியைப் பயமின்றிக் காத்திருந்து பார்க்கலாம், எதைக் காத்திருக்காமல் ஆராயவேண்டும் என்பதற்கு வேலூர் மருத்துவர்கள் அளவுகோல்களும் வகுத்தார்கள். இதனால் எத்தனை பேர் வேண்டாத காசநோய் மருந்திலிருந்தும் மண்டையைத் திறக்கும் அறுவையிலிருந்தும் தப்பினார்கள் என்பதை நினைத்தால் நன்றி பெருகுகிறது. மெய்யாகவே காசநோய்க் கட்டி உள்ளவர்களும் இருக்கிறார்கள் என்பதால், வேறுபடுத்திப் பார்ப்பது இன்றும் மருத்துவரின் வேலைதான். அலைப் பதிவு இங்கே அதிகம் உதவாது. இந்தப் புள்ளி உள்ள பலருக்கு அது மெதுவான அலைகளைக் காட்டும். பலருக்கு எதையுமே காட்டாது.

அந்தத் தாயிடம் புழு என்றதும் அவர் முகம் சிவந்துவிட்டது. "எங்க வீட்ல பன்னிக்கறி ஆகாதுங்க" என்றார். இந்தப் பேச்சை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். நீங்களும் தவறாக நினைத்திருக்கலாம் என்பதால் சற்று விளக்குகிறோம். சரியாக வேகாத பன்றி இறைச்சியைத் தின்றவருக்குக் குடலில் நாடாப்புழு வளர்கிறது. அவருக்கு அதனால் பெரிய தொல்லை எதுவும் இராது. அவருடைய மலத்தில் முட்டைகள் வெளியேறுகின்றன. அந்த முட்டைகள் கழுவாத கை வழியாகவோ, சாக்கடைத் தண்ணீர் பாய்ந்த கீரை, கொத்தமல்லி வழியாகவோ இன்னொருவரின் வாய்க்குள் போனால், அவருடைய மூளைக்குப் போய்த் தங்குகின்றன. ஆகவே மூளையில் புழு வர, பன்றி இறைச்சியைத் தொட்டிருக்கவே வேண்டாம். சுத்த சைவர்களுக்கும் வருகிறது. வேலூர் மாவட்டத்தில் ஏறக்குறைய 50,000 பேரிடம் வீடுவீடாக எடுத்து 2006-ல் வெளியான ஆய்வில், வலிப்பு நோய் நீடித்திருந்தவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணமாகக் காணப்பட்டது. எங்கள் கிராம சுகாதார ஊழியர்கள் கக்கூஸ், சோப்பு என்று சலிக்காமல் பேசுவது ஏன் என்று சில ஆதரவாளர்கள் கேட்டிருந்தீர்கள். வலிப்பும் அதற்கு ஒரு காரணம்.

வேலூரில் பையனுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். இடப்பக்கம் அதே சிறு வளையம், ஒன்றே ஒன்று. கொடுத்தது வலிப்பு மாத்திரையும், சில நாட்களுக்கு வீக்கம் குறையும் மருந்தும், புழு மருந்தும். (புழு மருந்தை யாரும் கடையில் கேட்டு வாங்கித் தாங்களாகப் போட்டுக்கொள்ள வேண்டாம். மூளையில் பல புழுக்கள் இருந்தால் அவை ஒரேயடியாகச் செத்து வீக்கத்தை ஆபத்தாக்கும். கண்ணில் இருந்தால் பார்வையே போகலாம்.) ஊர் திரும்பியபோது, மறுபடி வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று தாய்க்கும் பாட்டிக்கும் எங்கள் செவிலியர் ஒரு பாயில் படுத்துக் காட்டினார்: ஒருக்களித்துப் படுக்க வை, பக்கத்தில் அடுப்போ கூரான பொருளோ இருந்தால் தள்ளி வை, கை காலை அழுத்திப் பிடிக்காதே, வாயில் ஸ்பூனோ தண்ணீரோ எதையும் வைக்காதே, ஐந்து நிமிடம் தாண்டினால் வண்டி பிடி. "சாவி?" என்று பாட்டி கேட்டார். "சாவியை வண்டிக்குப் போடுங்க பாட்டி" என்றார் செவிலியர்.

எட்டு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் வளையம் இல்லை. சுண்ணாம்புப் புள்ளியும் இல்லை. அந்த எட்டு மாதமும் ஒரு வேளை தவறாமல் மாத்திரை கொடுத்ததற்குச் சாட்சியாக, அந்தத் தாய் காலி அட்டைகளையெல்லாம் அதே மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து எங்கள் மேசையில் கொட்டினார். தகப்பன் பழந்துணியில் சுற்றி ஒரு பீங்கான் கோப்பை கொண்டுவந்திருந்தார். கொடுக்கும் முன் எங்கள் காதருகே பிடித்து விரலால் சுண்டினார். மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்க மருத்துவர் தேதி குறித்துக் கொடுத்திருக்கிறார். அதுவரைக்கும் பையன் கிணற்றடிக்குத் தனியாகப் போகக்கூடாது என்பது உத்தரவு. அவனுக்கு அதில் மட்டும்தான் வருத்தம்.

ஊழியத்தில் உங்கள்,
மருத்துவமனைப் போதகர்,
பெண்ணாடம்